வீட்டு பீருக்குக் குறிப்பு எதில் எழுதுவது? நோட்டு, ஸ்ப்ரெட்ஷீட், செயலி, மிதவைக் கருவி: ஓர் ஒப்பீடு

வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்கி நாலைந்து பேட்ச் தாண்டியதும் பலருக்கும் ஒரே இடத்தில் சிக்கல் வருகிறது. முன்பு ஒரு தடவை காய்ச்சியது அருமையாக அமைந்திருக்கும். அதையே திரும்பச் செய்ய உட்கார்ந்தால், ஈஸ்ட் போட்டபோது என்ன வெப்பநிலை, ஃபெர்மென்டருக்குள் (பீர் நொதிக்கும் பாத்திரம்) எத்தனை லிட்டர் போனது என்று எதுவும் ஞாபகத்தில் இருக்காது. சரி, இனி எழுதி வைக்கலாம் என்று முடிவு செய்தால் அடுத்த கேள்வி உடனே வந்து நிற்கிறது: எதில் எழுதுவது? வாசகர்கள் கேட்பதும் இதைத்தான். நோட்டுப் புத்தகம் போதுமா, எக்செல் போடலாமா, காசு கொடுத்து செயலி வாங்கலாமா, ஃபெர்மென்டருக்குள் மிதக்கும் அந்தக் கருவி வாங்கினால் எழுதவே வேண்டாமா?

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இந்தக் கட்டுரை, வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி உள்ள நாடுகளில் வாழும் தமிழர்களுக்கு. தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் இது குற்றம். அனுமதி உள்ள இடங்களிலும் அளவு வரம்பு இருக்கலாம். அமெரிக்காவில் 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி ஒரு வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். சிங்கப்பூரில் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் தேதியும் லிட்டரும் அதில் இருந்தாக வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

## அளவுகோலை முதலில் முடிவு செய்வோம்

வீட்டு பீர்க் குறிப்புகளில் புகழ்பெற்றது ஜார்ஜ் வாஷிங்டன் 1757-ல் தன் நோட்டில் எழுதி வைத்தது. வெர்ஜீனியா படையில் கர்னலாக இருந்த காலம் அது. அந்த நோட்டு இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. தவிடு, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ), மூன்று மணி நேரக் கொதி, வடிகட்டி எடுத்த 30 கேலன், 3 கேலன் மொலாசஸ் என்று விவரமாகவே எழுதியிருக்கிறார். ஆனால் ஹாப்ஸ் எவ்வளவு? அவரவர் ருசிக்கு. ஈஸ்ட் போடும்போது என்ன சூடு? ரத்தத்தின் சூட்டைவிடக் கொஞ்சம் கூட. அன்று அவரிடம் இருந்த வசதிக்கு அது நல்ல குறிப்புதான். ஆனால் இன்று அதைப் பார்த்துக் காய்ச்சும் இரண்டு பேருக்கு இரண்டு வேறு பீர் கிடைக்கும்.

என் பார்வையில், குறிப்பு எழுதுவது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான்: போன பேட்சுக்கும் இதற்கும் என்ன மாறியது? அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் ஐந்து அளவுகோல்கள் தேறுகின்றன.

முதலாவது, காய்ச்சும் நாளில் கையில் ஈரம், அடுப்பில் ஆவி, பக்கத்தில் டைமர் அடித்துக்கொண்டிருக்கும்போது அதில் எழுத முடியுமா என்பது. இரண்டாவது, கணக்கு: வெப்பநிலைத் திருத்தம், ஆல்கஹால் சதவீதம் போன்றவற்றை அது போட்டுத் தருமா? மூன்றாவது, இரண்டு பேட்சைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியுமா? நான்காவது, பத்து வருடம் கழித்தும் திறந்து படிக்க முடியுமா? ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை, நான் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்: குடித்துப் பார்த்து எழுதும் சுவைக் குறிப்புக்கு அதில் இடமும், எழுதத் தூண்டும் அமைப்பும் இருக்கிறதா? பணச் செலவு இந்த ஐந்துக்கும் பிறகுதான்.

## எழுத வேண்டியது என்ன என்பது இதைவிட முக்கியம்

கருவியை ஒப்பிடுவதற்கு முன் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தவறான எண்ணை எவ்வளவு அழகான செயலியில் ஏற்றினாலும் அது தவறான எண்தான்.

திரவத்தின் அடர்த்தியை (கிராவிட்டி) அளக்கும் ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை 15.6 அல்லது 20 டிகிரி செல்சியஸுக்கு அளவு குறிக்கப்பட்டவை. எது என்று கண்ணாடிக்குள் இருக்கும் தாளிலேயே இருக்கும். 20 டிகிரிக்கான கருவியை 40 டிகிரி வோர்ட்டில் (முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்த, இன்னும் நொதிக்காத இனிப்புச் சாறு) மிதக்கவிட்டு 1.050 என்று படித்தால், உண்மையான அளவு ஏறத்தாழ 1.056. ஆல்கஹால் கணக்கில் அது கிட்டத்தட்ட 0.8 சதவீத வித்தியாசம். ஆகவே வெறும் ‘1.050’ என்று எழுதாமல் ‘40 டிகிரியில் 1.050’ என்று எழுதுங்கள். திருத்தத்தை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வெப்பநிலையை எழுதாமல் விட்டால் பின்னால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒளி விலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்திருந்தால் அதையும் குறிக்க வேண்டும். நொதித்த பிறகு ஆல்கஹால் கலந்திருப்பதால் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

அடுத்தது கொள்ளளவு. போன தடவை ஓ.ஜி. (நொதிக்கும் முன் உள்ள அடர்த்தி) 1.050 வந்தது, இந்தத் தடவை 1.045 தான். மேஷில் (தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டம்) ஏதோ தப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். போன தடவை 19 லிட்டர், இந்தத் தடவை 21 லிட்டர் என்று குறிப்பில் இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. இரண்டிலும் சர்க்கரை ஒரே அளவுதான், கொதியில் தண்ணீர் குறைவாக வற்றியிருக்கிறது. லிட்டர் இல்லாத ஓ.ஜி. பாதிக் குறிப்பு.

ஹாப்ஸில் கிராம் மட்டும் எழுதுவதும் அப்படித்தான். பாக்கெட்டில் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலத்தின் சதவீதம் அச்சிட்டிருக்கும். அது ஒவ்வொரு அறுவடைக்கும் மாறும். அதே 28 கிராம் காஸ்கேட் ரக ஹாப்ஸ் ஒரு வருடம் 5 சதவீதம், இன்னொரு வருடம் 7 சதவீதம் என்றால், அதே அளவு, அதே கொதி நேரத்தில் கசப்பு 40 சதவீதம் கூடும். ஆகவே கிராம், ஆல்ஃபா, அறுவடை ஆண்டு, கொதியில் போட்ட நேரம் நான்கும் வேண்டும். ஈஸ்டுக்குப் பெயர், பாக்கெட் தேதி, போட்டபோது வோர்ட்டின் வெப்பநிலை, அப்புறம் முதல் மூன்று நாள் ஃபெர்மென்டரின் வெப்பநிலை.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## நோட்டும் தாளும்

காய்ச்சும் நாளில் தாளை அடிக்க வேறு எதுவும் இல்லை. சார்ஜ் தீராது, ஈரக் கைக்குத் திரை அடம் பிடிக்காது, ஓரத்தில் அம்புக்குறி போட்டு ‘கொதி பொங்கியது, தீயைக் குறைத்தேன்’ என்று எழுதலாம். இந்த ஓரக் குறிப்புகளின் மதிப்பு பின்னால்தான் தெரியும். எந்தச் செயலியிலும் பொங்கி வழிந்ததற்கென்று தனிக் கட்டம் கிடையாது. பென்சிலால் எழுதுங்கள், மைப்பேனா எழுத்து நீர் பட்டால் கலைந்துவிடும்.

நோட்டைவிட ஒரு படி மேலானது, நீங்களே அச்சிட்டு வைத்துக்கொள்ளும் ஒரு பக்கப் படிவம். பேட்சுக்கு ஒரு தாள், எல்லாம் ஒரு கோப்பில். படிவத்தின் பெரிய நன்மை, காலியான கட்டம் கண்ணை உறுத்தும். வெறும் நோட்டில் ஈஸ்ட் வெப்பநிலையை விட்டுவிட்டால் விட்டதே தெரியாது.

மறைந்திருக்கும் செலவு மூன்று. கணக்கை நீங்களே போட வேண்டும். அது பெரிய பாரமில்லை: ஓ.ஜி.யிலிருந்து எஃப்.ஜி.யைக் (நொதித்து முடிந்தபின் உள்ள அடர்த்தி) கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். 1.050-லிருந்து 1.012-க்கு இறங்கினால் 5 சதவீதம். இரண்டாவது, ஒரே பிரதிதான் இருக்கும். ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து வைத்தால் அந்தப் பயம் தீர்ந்தது. மூன்றாவதற்குத் தீர்வே கிடையாது: பேட்ச் கூடக் கூடத் தேட முடியாது. ‘எஸ்-04 ஈஸ்டை 20 டிகிரிக்கு மேல் விட்டபோதெல்லாம் என்ன ஆனது?’ என்று கேட்டால் எல்லாத் தாளையும் புரட்ட வேண்டும்.

கிட் வாங்கியோ மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியத்தின் வற்றவைத்த சாறு) வைத்தோ இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை காய்ச்சுகிறவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். எது முக்கியம், எது இல்லை என்று தெரிய வருவதற்கு முன்பே ஐம்பது கட்டம் உள்ள செயலியைத் திறந்தால் சோர்வுதான் மிஞ்சும்.

## ஸ்ப்ரெட்ஷீட்

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ், எதுவானாலும் சரி. ஒரு பேட்சுக்கு ஒரு வரி. அந்த ஒற்றை வரிதான் இதன் பலம். ஈஸ்ட் வாரியாக, ஸ்டைல் வாரியாக, மதிப்பெண் வாரியாக வரிசைப்படுத்திவிட்டால், தாளில் கண்ணுக்குத் தெரியாத ஒழுங்கு இங்கே தெரியும். ஒரே பேல் ஏல் வகை பீரை ஈஸ்டும் வெப்பநிலையும் மாற்றி மாற்றிக் காய்ச்சிப் பார்ப்பவருக்கு இதுபோல் வேறு கருவி இல்லை. சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் எந்தக் காலத்திலும் எந்த மென்பொருளிலும் திறக்கலாம். வெப்பநிலைத் திருத்தம், ஆல்கஹால், அட்டெனுவேஷன் (ஈஸ்ட் தின்று தீர்த்த சர்க்கரையின் சதவீதம்) எல்லாவற்றுக்கும் சூத்திரம் ஒரு தடவை எழுதினால் போதும்.

ஆனால் இதில் சின்னச் சின்னக் கண்ணிகள் உண்டு. 1.050 என்று அடித்தால் 1.05 என்று காட்டும். மூன்று தசம இலக்கம் என்று அந்த நெடுவரிசையை முதலிலேயே அமைக்க வேண்டும். ஜெர்மன் அமைப்பில் உள்ள கணினியில் புள்ளி என்பது ஆயிரத்துக்கான குறி, அங்கே 1.050 என்பது ஆயிரத்து ஐம்பது ஆகிவிடும். 3-4 என்று அடித்தால் தேதியாக மாற்றி வைக்கும். தேதியிலும் அமெரிக்க வழக்கம் மாதத்தை முன்னால் போடும், நம் வழக்கம் நாளை. வருடம்-மாதம்-நாள் என்று எழுதினால் குழப்பமும் இல்லை, வரிசையும் தானாக வரும்.

கேலன் இன்னும் மோசம். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. ஐந்து கேலன் ரெசிப்பி என்றால் அமெரிக்காவில் 19 லிட்டர், பிரிட்டனில் 23 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. லண்டனில் இருக்கும் உறவினர் அனுப்பும் ரெசிப்பியை டெக்ஸாஸில் அப்படியே போட்டால் பீர் தடித்துப்போகும். ஷீட்டில் எல்லாமே லிட்டரும் கிராமும்தான் என்று ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய செலவு நேரம். ஷீட்டை அழகுபடுத்துவதிலேயே வார இறுதிகள் போய்விடும். நெடுவரிசைகளை இருபதுக்குள் நிறுத்துங்கள். காய்ச்சும் இடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைப்பதும் நல்லதல்ல. வோர்ட் ஒட்டும், விசைப்பலகை பாழாகும். இது சாயங்காலம் உட்கார்ந்து நிரப்ப வேண்டியது.

## காய்ச்சுவதற்கென்றே உள்ள செயலிகள்

பீர்ஸ்மித் கணினியில் நிறுவி வேலை செய்வது. இந்த வகையில் மூத்ததொன்று. ப்ரூஃபாதர் இணையத்திலும் போனிலும் ஓடுகிறது. இலவசக் கணக்கில் ரெசிப்பி, பேட்ச் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, அதற்கு மேல் சந்தா. ப்ரூவர்ஸ் ஃப்ரெண்டும் இணையவழிதான். ப்ரூடார்கெட் திறந்த மூல மென்பொருள், இலவசம், தோற்றம் மட்டும் கொஞ்சம் பழசு.

ரெசிப்பியை நீங்களே உருவாக்குகிறவர் என்றால் இவை இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். மால்ட் பட்டியலைக் கொடுத்தால் எதிர்பார்க்கும் ஓ.ஜி., நிறம், கசப்பு வந்து நிற்கும். மேஷுக்கு எத்தனை லிட்டர் என்ன சூட்டில் ஊற்ற வேண்டும், தண்ணீரில் ஜிப்சம் எவ்வளவு, ஹாப்ஸ் இருப்பு எத்தனை கிராம் என்று எல்லாம் ஒரே இடத்தில். முழுத் தானியத்திலிருந்து மாதம் இரண்டு பேட்ச் போடுகிறவருக்கு சந்தாவின் மதிப்பு கட்டாயம் திரும்பக் கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். முதலில் உபகரண விவரம்: உங்கள் பாத்திரத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் ஆவியாகிறது, அடியில் எவ்வளவு தங்குகிறது என்பதைச் சரியாகக் கொடுக்காவிட்டால் செயலி சொல்லும் எல்லா எண்ணும் கோணலாகவே வரும். அது சரியாக அமைய சில பேட்ச் பிடிக்கும். அந்தச் சில பேட்சுக்கும் நீங்கள் கையால் அளந்து எழுதத்தான் வேண்டும்.

கசப்புக் கணக்கிலும் கவனம் வேண்டும். டின்செத் சூத்திரமும் ரேகர் சூத்திரமும் ஒரே ரெசிப்பிக்கு வேறு வேறு ஐபியு (கசப்பின் அலகு) தரும். செயலி மாறும்போது பழைய 40-ம் புதிய 40-ம் ஒன்றல்ல.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தரும் விஷயம் இன்னொன்று. செயலி திட்டமிட்ட எண்களால் பக்கத்தை நிரப்பிவிடுகிறது. அளந்த எண்ணுக்குத் தனிக் கட்டம் இருந்தாலும் அதைக் காலியாக விட்டால் ஒரு குறையும் கண்ணில் படாது. திறந்து பார்த்தால் ஓ.ஜி. 1.052 என்று கம்பீரமாக நிற்கும். ஒரு வருடம் கழித்து, அது அளந்ததா, செயலி சொன்னதா என்று உங்களுக்கே தெரியாது. தாளில் காலிக் கட்டம் காலியாகவே இருக்கும். அந்த நேர்மை குறிப்புக்கு அவசியம். செயலி வைத்திருப்பவர்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: ஓ.ஜி., எஃப்.ஜி., லிட்டர், ஈஸ்ட் போட்ட வெப்பநிலை நான்கும் அளந்த எண்ணாக ஏறாமல் அந்த பேட்சை ‘முடிந்தது’ என்று மூடாதீர்கள்.

கடைசியாக, வெளியேறும் வழி. பீர்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவத்தை முக்கியமான செயலிகள் ஏற்கின்றன. அதில் ரெசிப்பியும் ஓ.ஜி., எஃப்.ஜி. போன்ற சில எண்களும் போகும். நாள்வாரியான நொதித்தல் வாசிப்புகளுக்கு இடமில்லை. சந்தா கட்டுவதற்கு முன்பே ஒரு பேட்சை ஏற்றுமதி செய்து, என்ன வருகிறது, என்ன விடுபடுகிறது என்று பாருங்கள்.

## ஃபெர்மென்டருக்குள் மிதக்கும் கருவிகள்

டில்ட், ராப்ட் பில், நீங்களே பாகம் வாங்கிச் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஐஸ்பிண்டெல் மூன்றும் ஒரே தத்துவம். திரவத்தின் அடர்த்தி குறையக் குறைய மிதக்கும் கோணம் மாறும். அந்தக் கோணத்தை வைத்து கிராவிட்டியையும், கூடவே வெப்பநிலையையும் சில நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

வளைகோட்டைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நொதிக்கும்போது எழும் நுரையும் ஹாப்ஸ் துகளும் கருவியில் ஒட்டினால் கோணம் கெட்டுவிடும். குமிழ்கள் முட்டித் தள்ளும்போது எண் மேலும் கீழும் குதிக்கும். ஆகவே தொடக்கமும் முடிவும் கண்ணாடி ஹைட்ரோமீட்டரில் எடுங்கள். நடுவில் என்ன நடந்தது என்பதற்கு மட்டும் இதை நம்புங்கள். எஃகு ஃபெர்மென்டர் என்றால் புளூடூத் சிக்னல் வெளியே வருவதும் சிரமம்.

உண்மையான பயன் இரண்டு இடத்தில். லாகர் (குளிர்ச்சியில் நொதிக்கும் பீர்) காய்ச்சும்போது நொதித்தல் முடியும் தறுவாயில் சூட்டைச் சில டிகிரி ஏற்றினால் வெண்ணெய் வாசம் தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட் தானே தின்றுவிடும். அந்தத் தருணத்தை மூடியைத் திறக்காமல் தெரிந்துகொள்ளலாம். இன்னொன்று, ஹாப்ஸ் நிறையப் போடும் ஐபிஏ. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த வாசத்தைக் கொல்லும். மற்றவர்களுக்கு இது அவசரமில்லை. எப்படியும் மால்ட் எவ்வளவு, ஹாப்ஸ் எவ்வளவு, ருசி எப்படி என்று இந்தக் கருவி எழுதாது. வேறு ஒரு குறிப்பு முறை பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தாள் / படிவம் | ஸ்ப்ரெட்ஷீட் | செயலி | மிதவைக் கருவி |
|---|---|---|---|---|
| காய்ச்சும் நாளில் வசதி | மிக நன்று | மோசம் | சுமார். போனைக் காக்க வேண்டும் | அன்று வேலையில்லை |
| கணக்கு | கையால் | சூத்திரம் எழுதினால் நன்று | மிக நன்று | தானே செய்யாது. செயலியோடு இணைந்தால் உண்டு |
| பேட்சுகளை ஒப்பிடுதல் | கடினம் | மிக நன்று | நன்று | நொதித்தல் வளைகோட்டை மட்டும் |
| பத்து வருட ஆயுள் | படம் எடுத்து வைத்தால் நன்று | மிக நன்று | நிறுவனத்தைப் பொறுத்தது | எங்கே சேமிக்கிறீர்களோ அதைப் பொறுத்தது |
| சுவைக் குறிப்பு | மிக நன்று | ஒரு வரி | இடம் உண்டு, மறந்துவிடும் | இல்லை |
| பணம் | ஏறக்குறைய இல்லை | இல்லை, நேரம்தான் | உரிமம் அல்லது சந்தா | கருவி, பேட்டரி |

## சுவைக் குறிப்பு ஏன் தனியாக வேண்டும்

எண்கள் எல்லாம் சரியாக இருந்து பீர் எப்படி இருந்தது என்று எழுதாவிட்டால் அந்த எண்களுக்கு வேலையே இல்லை. பாட்டிலில் அடைத்த இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், கடைசி பாட்டில் என்று மூன்று தடவை எழுதினால், எப்போது பீர் பக்குவத்துக்கு வந்தது, எப்போது இறங்கத் தொடங்கியது என்று தெரிந்துவிடும். நனைந்த அட்டைப் பெட்டி வாசம் என்றால் ஆக்சிஜன் புகுந்திருக்கிறது. பச்சை ஆப்பிள் வாசம் என்றால் பெரும்பாலும் அவசரப்பட்டு அடைத்துவிட்டோம்.

மதிப்பெண் வேண்டுமானால் பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பின் 50 புள்ளி முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: வாசனை 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணரும் கனம் 5, மொத்த மதிப்பீடு 10. ஆனால் வர்ணனையை நம் நாக்குக்குத் தெரிந்த சொல்லிலேயே எழுதுங்கள். ஜெர்மன் கோதுமை பீரில் வருவது கிராம்பும் வாழைப்பழமும்தான். எந்த வாழைப்பழம் என்று நம்மால் சொல்ல முடியும். பெல்ஜிய விட்பியரில் போடுவது கொத்தமல்லி விதை. கசப்பு வேப்பம்பூ மாதிரியா, சுண்டைக்காய் வற்றல் மாதிரியா என்று எழுதினால் அடுத்த வருடம் படிக்கும்போதும் நாக்கில் வந்து நிற்கும்.

## நான் யாருக்கு எதைச் சொல்வேன்

பெரும்பாலோருக்கு என் பரிந்துரை: காய்ச்சும் நாளில் அச்சிட்ட ஒரு பக்கத் தாள், அன்று சாயங்காலமோ மறுநாளோ ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு வரி. இரட்டை வேலை மாதிரித் தெரியும். ஆனால் தாளிலிருந்து ஷீட்டுக்கு மாற்றும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் விட்டுப்போன எண் கண்ணில் படும், அளந்து நிரப்பவும் அவகாசம் இருக்கும்.

சொந்த ரெசிப்பி போடுகிறவர், தண்ணீரின் உப்பு வரை கவனிக்கிறவர் செயலிக்குப் போகலாம். அவரும் காய்ச்சும் பக்கத்தை அச்சிட்டு, அளந்த எண்ணைக் கையால் எழுதி, பிறகு ஏற்றட்டும். இருவர் மூவர் சேர்ந்து காய்ச்சும் குழு என்றால் கூகுள் ஷீட்ஸோ இணையச் செயலியோதான் சரி. நோட்டு எப்போதும் ஒருவர் வீட்டில்தான் இருக்கும், கேள்வி இன்னொருவர் வீட்டில் எழும்.

எந்த முறையானாலும் பேட்சுக்கு ஓர் எண் கொடுங்கள். அந்த எண் தாளில், ஷீட்டில், ஃபெர்மென்டரில் ஒட்டிய டேப்பில், பாட்டில் மூடியில் மார்க்கரால் என நான்கு இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். கையில் இருக்கும் பாட்டில் எந்த பேட்ச் என்று தெரியாவிட்டால் சுவைக் குறிப்பை எங்கே எழுதுவது?

பழைய நோட்டிலிருந்து புதிய முறைக்கு மாறுகிறவர்கள் எல்லாவற்றையும் ஏற்ற உட்காராதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். திரும்பக் காய்ச்ச விரும்பும் பேட்சுகளை மட்டும் எடுத்து, அவற்றில் ஓ.ஜி.யும் லிட்டரும் ஈஸ்டும் மூன்றும் இருப்பதை முதலில் ஏற்றுங்கள். மற்றவை தாளிலேயே இருக்கட்டும், தேவைப்படும் நாளில் எடுத்துக்கொள்ளலாம்.